சுவாசப்பைக்குப் போன சீமெந்து: வாசகர் கேள்வியும் பதிலும்

நொருங்கிய முள்ளந்தண்டு எலும்புக்குள் ஊசி வழியாக மருத்துவச் சீமெந்து செலுத்தும் சிகிச்சையைப் பற்றியும், அதற்குப் பின் சுவாசப்பையில் ஏற்படக்கூடிய அடைப்பைப் பற்றியும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம். பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. முற்றத்தில் சறுக்கி விழுந்து நாரியில் ஓர் எலும்பு நொருங்கிவிட்டது. கொழும்பில் ஊசி மூலம் சீமெந்து வைத்தார்கள். நோ நன்றாகக் குறைந்து இப்போது நடக்கிறா. பிறகு வந்த வறட்டு இருமலுக்காக இங்கே நெஞ்சு எக்ஸ்றே எடுத்தபோது, வலது சுவாசப்பையில் சீமெந்துத் துண்டு தெரிவதாக எழுதியிருக்கிறார்கள். மூச்சுக் கஷ்டம் எதுவும் இல்லை. இது இரத்தக்கட்டியா? கரைக்க மருந்து உண்டா?
வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: இது இரத்தக்கட்டி அல்ல. சிகிச்சையின்போது எலும்புக்குள் செலுத்திய சீமெந்தில் ஒரு சிறு பகுதிதான் அது. முள்ளெலும்பின் உள்பக்கம் நுண்துளைகளால் ஆனது. அந்தத் துளைகளில் குருதி நிறைந்திருக்கும், அவற்றிலிருந்து நாளங்கள் புறப்பட்டு முள்ளந்தண்டைச் சுற்றியுள்ள நாளவலைக்குப் போகும். அந்த வலையில் வால்வுகள் இல்லை. சீமெந்து இளகியிருக்கும்போது அதற்குள் நுழைந்தால் பெருநாளத்துக்கும், அங்கிருந்து இருதயத்தின் வலது பக்கத்துக்கும், கடைசியாகச் சுவாசப்பை நாடிக்கும் போய்ச் சேரும். குழாய் எங்கே ஒடுங்குகிறதோ அங்கே சிக்கி இறுகிவிடும். எக்ஸ்றேயில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய கிளைவிட்ட வெள்ளைக் கோடு அதுவே. சீமெந்துக்குள் கலந்திருக்கும் பேரியம் சல்பேற்று அல்லது சேர்க்கோனியம் தூள்தான் அதை அவ்வளவு வெள்ளையாகக் காட்டுகிறது.

கரைக்கும் மருந்து கிடையாது. பொய்ப்பல் செட்டின் அடித்தட்டுச் செய்யும் அதே அக்ரிலிக் வகைப் பொருள்தான் இது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ரெப்ரோகைனேஸ் போன்ற ஊசிகள் இதில் எதையும் செய்யாது. யாராவது அப்படிச் சொன்னால் ஏற்க வேண்டாம்.

அம்மாவின் நிலையில் பார்க்க வேண்டியவை சில உண்டு. நடக்கும்போதும் படி ஏறும்போதும் மூச்சு வாங்குகிறதா, விரலில் பொருத்தும் கருவியில் ஒக்சிசன் அளவு என்ன, நாடித்துடிப்பு எவ்வளவு என்பவை முதலில். அடுத்து ஒரு தடவை சி.ரி. ஸ்கேன் எடுத்து, துண்டு சுவாசப்பையின் ஓரக் கிளையில் இருக்கிறதா, நடுவிலுள்ள பெரிய நாடியில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இருதயத்துக்குள் எதுவும் தங்கவில்லை என்பதை எக்கோ எனும் இருதய ஸ்கேன் காட்டும். ஓரக் கிளையில் சிறிய துண்டு, எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் குருதி இளக்கும் மருந்தும் தேவையில்லை என்பதே பெரும்பாலான நிபுணர்களின் நிலைப்பாடு. சிலர் முன்னெச்சரிக்கையாகச் சில மாதம் கொடுப்பார்கள். 71 வயதில் அந்த மருந்தால் வரும் குருதிக்கசிவு ஆபத்தையும் எடை போட்டுப் பார்த்தால், தொந்தரவு இல்லாத ஒருவருக்கு அது அவசியம் என்று நாம் கருதவில்லை.

இருமலுக்குக் காரணம் சீமெந்துதான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அம்மா பிரஷருக்கு எனலாப்ரில் அல்லது கப்டோப்ரில் குளிசை எடுக்கிறாவா என்று பாருங்கள். அந்த வகைக் குளிசைகள் வறட்டு இருமலைத் தரும், மாற்றுக் குளிசை கொடுத்தால் நின்றுவிடும். இருமல் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனையும் செய்ய வேண்டும். இப்போது எடுத்த எக்ஸ்றேயைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு இன்னோர் எக்ஸ்றே எடுக்க நேர்ந்தால், இது பழையது, வளரவில்லை என்று காட்ட அது ஒன்றே சாட்சி.

கேள்வி: உம்மாவுக்கு முதுகெலும்பு இரண்டு இடத்தில் நொருங்கியிருக்கிறது. சீமெந்து வைக்கச் சொல்கிறார்கள். சுவாசப்பைக்கு சீமெந்து போய்விடும் என்று சொந்தக்காரர் பயமுறுத்துகிறார்கள். அது ஏன் நடக்கிறது? டொக்டரிடம் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?
வாசகர், காத்தான்குடி

பதில்: பயம் முற்றிலும் ஆதாரமற்றது அல்ல. ஆனால் அளவோடு புரிந்துகொள்ள வேண்டியது. எலும்புக்கு வெளியே கொஞ்சம் கசிவது இந்தச் சிகிச்சையில் சாதாரணம். பின்னர் சி.ரி. எடுத்துத் தேடினால் பாதிக்கு மேற்பட்டவர்களில்கூட எங்காவது ஒரு சிறு கசிவு தெரியும். சுவாசப்பை வரை போனவர்களின் வீதம் ஆய்வுக்கு ஆய்வு 100க்கு 3 தொடக்கம் 20க்கு மேல் வரை வேறுபடுகிறது. எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்துத் தேடிய இடங்களில் கூடுதலாகவும், நோய்க்குறி வந்தவர்களை மட்டும் பார்த்த இடங்களில் குறைவாகவும் இருப்பது இதற்கு முக்கிய காரணம். அவர்களில் பெரும்பாலானோருக்கு எந்த உணர்வும் இருப்பதில்லை. உயிராபத்தான அடைப்பு அரிது. அரிது என்றாலும் நடந்திருக்கிறது, அதனால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

சிகிச்சை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பிழை எங்கே வருகிறது என்பதும் விளங்கும். நோயாளி குப்புறப் படுப்பார். தோலும் எலும்பின் மேற்பரப்பும் விறைக்க ஊசி போட்டு, லேசான மயக்கமும் கொடுப்பார்கள். பிறகு ஓடும் எக்ஸ்றேயைப் பார்த்தபடி ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்பான ஊசியை முள்ளெலும்பின் பின்புறக் காம்பு வழியாக உள்ளே செலுத்தி, அதன் நுனியை எலும்பின் முன்பக்க மூன்றிலொரு பங்கில் நிறுத்துவார்கள். அதன் பிறகே தூளையும் திரவத்தையும் கலப்பார்கள். கலந்தவுடன் சீமெந்து தண்ணீராக இருக்கும், பிறகு ஒட்டும் நிலைக்கு வரும், பிறகு பற்பசைப் பதத்துக்குத் தடிக்கும், அதற்குப் பிறகு கல்லாகிவிடும். செலுத்த வேண்டியது பற்பசைப் பதத்தில்தான். தண்ணீர்ப் பதத்தில் செலுத்துவதுதான் நாளத்துக்குள் சீமெந்து போவதற்கு முதன்மையான காரணம்.

வேலை செய்யக் கிடைக்கும் நேரம் சீமெந்தின் வகையைப் பொறுத்துச் சில நிமிடங்கள்தான், பலவற்றில் 10 நிமிடமளவில். அறை சூடாக இருந்தால் அந்த நேரம் இன்னும் சுருங்கும். நம் பக்கத்துச் சித்திரை, வைகாசி வெயிலில் சத்திரசிகிச்சை அறையின் ஏ.சி. சரியாக வேலை செய்யாவிட்டால், பதம் வரும் முன்னே செலுத்தவும் அவசரப்படவும் தோன்றும். அந்த அவசரமே ஆபத்து. சீமெந்தையும் கலக்கும் பாத்திரத்தையும் முன்கூட்டியே குளிர்வித்து வைப்பது இதற்காகத்தான்.

அளவும் முக்கியம். நாரி எலும்புக்கு 4 முதல் 6 மில்லிலீற்றர், நெஞ்சுப் பகுதி எலும்புக்கு 2 முதல் 4 மில்லிலீற்றர் என்பது வழக்கமான வரம்பு. நோ குறைவதற்கும் சீமெந்தின் அளவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எலும்பு நிரம்பி வழியுமட்டும் செலுத்துவதால் வரும் இலாபம் சொற்பம், கசிவோ கூடும். பக்கவாட்டு எக்ஸ்றேயில் சீமெந்து எலும்பின் பின்புறக் கால்வாசியைத் தொட்டவுடன் நிறுத்த வேண்டும், ஏனென்றால் அதற்கு அப்பால் முண்ணாண் இருக்கிறது. ஒரு கோடுபோல நாளத்துக்குள் ஓடுவது தெரிந்தால் உடனே கையை எடுத்து, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பொறுத்து, கசிந்த இடம் இறுகிய பிறகு ஊசி நுனியைச் சற்றுத் திருப்பியோ நகர்த்தியோ தொடர்வார்கள். அப்போதும் ஓடினால் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். பாதி நிரப்பிய எலும்போடு நிறுத்துகிற வைத்தியரைக் குறை சொல்லாதீர்கள். அவர் செய்தது சரி.

ஆகவே டொக்டரிடம் கேட்க வேண்டியவை: ஓடும் எக்ஸ்றேயை முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்க்க வசதி இருக்கிறதா? எத்தனை எலும்புக்கு ஒரே தடவையில் வைக்கப் போகிறீர்கள்? மூன்றுக்கு மேல் என்றால் ஏன், இரண்டு தடவையாகப் பிரிக்க முடியாதா? எலும்பு நொருங்கியது வயதின் தேய்வாலா, புற்றுநோயாலா? மயலோமா எனும் எலும்பு மச்சைப் புற்றுநோய் போன்ற நோயில் கசியும் வாய்ப்புக் கூடுதல். பலூன் வைத்து முதலில் குழி உண்டாக்கி, தடித்த சீமெந்தைக் குறைந்த அழுத்தத்தில் நிரப்பும் முறை பொருந்துமா? அதில் கசிவு குறைவு, செலவு அதிகம், ஆனால் கசிவே இல்லை என்று சொல்ல முடியாது. சிகிச்சைக்குப் பின் நெஞ்சு எக்ஸ்றே எடுப்பீர்களா? எடுக்கச் சொல்லி வற்புறுத்தலாம், சிறிய செலவில் பெரிய தகவல்.

உம்மா குருதி உறையாமல் தடுக்கும் அஸ்பிரின், குளோபிடோக்ரெல், வாஃபரின் எதையாவது எடுக்கிறாவா என்பதை முதல் நாளே சொல்லுங்கள். குருதி உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். 1.5க்கு மேலோ குருதிச் சிறுதட்டு 50,000க்குக் கீழோ இருந்தால் சிகிச்சையைப் பிற்போடுவார்கள். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் என்றால் குளிசையை நீங்களாக நிறுத்தவே கூடாது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முதுகில் புண் ஏதும் இருந்தால் அது ஆறும்வரை சீமெந்து வேண்டாம். சீமெந்தில் கிருமி ஏறினால் அகற்றுவது மிகக் கடினம்.

கேள்வி: சீமெந்து வைத்து வீட்டுக்கு வந்த பிறகு எந்த அறிகுறி வந்தால் ஓட வேண்டும்? எவ்வளவு நாளைக்குக் கவனமாக இருக்க வேண்டும்?
வாசகர், அக்கரைப்பற்று

பதில்: புதிதாக வந்த மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சு நோ, காரணமில்லாமல் படபடக்கும் நெஞ்சு, இரத்தம் கலந்த சளி, தலை சுற்றி மயங்கி விழுதல். இவற்றில் எது வந்தாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சிலருக்கு ஊசி போடும் மேசையிலேயே வரும், பலருக்கு முதல் சில நாட்களில், ஒரு சிலருக்குக் கிழமைகள், மாதங்கள் கழித்துக்கூட வந்திருக்கிறது. "அது போன மாசம் செய்தது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று வீட்டில் யாரும் தீர்மானிக்கக் கூடாது.

விரல் கருவி 94க்குக் கீழே காட்டினால் தாமதிக்க வேண்டாம். 97 காட்டினாலும் ஆள் மூச்சுக்குத் தவித்தால் கருவியை நம்பாமல் ஆளை நம்புங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வரும்வரை முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்த்து இருத்துங்கள். சாப்பாடு கொடுக்காதீர்கள். வீட்டில் யாருக்கோ கொடுத்த குருதி இளக்கும் குளிசையை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம்.

இதில் நாம் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. கொழும்பிலோ கண்டியிலோ சீமெந்து வைத்துக்கொண்டு வந்தவரை, இரவு 2 மணிக்கு அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ அவசர சிகிச்சைப் பிரிவில் பார்க்கும் வைத்தியருக்கு அந்த விடயம் தெரிய வழியில்லை. அவர் முதலில் நினைப்பது மாரடைப்பு, நியூமோனியா, இளைப்பு. நீங்கள் வாய் திறந்து "முதுகெலும்புக்கு சீமெந்து வைத்தவர், இன்ன திகதி, இத்தனை எலும்பு" என்று முதல் வசனத்திலேயே சொல்ல வேண்டும். டயக்னோசிஸ் கார்ட்டும், சிகிச்சையின்போது எடுத்த எக்ஸ்றே படமோ அது பதிந்த சி.டி. தட்டோ கையில் இருக்க வேண்டும். கார்ட்டை அலுமாரிக்குள் வைத்துவிட்டு வராதீர்கள், அதைப் படம் பிடித்து வீட்டிலுள்ள எல்லோருடைய கைபேசியிலும் வைத்திருங்கள்.

இது வெறும் சம்பிரதாயத்துக்குச் சொல்வதல்ல. சுவாசப்பை அடைப்பைத் தேட எடுக்கும் சி.ரி. ஸ்கேனில் நாளத்துக்குள் மருந்து ஏற்றி நாடிகளை வெள்ளையாக்கிப் பார்ப்பார்கள். சீமெந்தும் வெள்ளை. வழக்கமான படத்தில் வெள்ளைக்குள் வெள்ளை மறைந்துவிடும். கணினித் திரையில் எலும்பைப் பார்க்கும் விண்டோ அமைப்புக்கு மாற்றிப் பார்த்தால், அல்லது மருந்து ஏற்றாமல் ஒரு தடவை எடுத்தால், சீமெந்து தனியாகத் தெறித்துத் தெரியும். ஸ்கேன் விண்ணப்பத்தில் "முள்ளெலும்பு சீமெந்துச் சிகிச்சைக்குப் பின்" என்று ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் கதிரியல் வைத்தியர் அப்படிப் பார்ப்பார். இரத்தக்கட்டி இருக்கிறதா என்று அறியச் செய்யும் டீ-டைமர் குருதிப் பரிசோதனை இங்கே அதிகம் உதவாது. எலும்பு முறிவும் சிகிச்சையும் ஏற்கெனவே அதை உயர்த்தியிருக்கும், சீமெந்தை அது காட்டவும் மாட்டாது.

துண்டு பெரிய நாடியிலோ இருதய அறையிலோ நின்றால் கதை வேறு. இறுகிய சீமெந்தின் முனை கூராக இருக்கலாம், இருதயச் சுவரைத் துளைத்த சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. அப்படியானவரை இருதய மார்புச் சத்திரசிகிச்சைப் பிரிவு உள்ள வைத்தியசாலைக்கு மாற்றி, நாளம் வழியாகக் கம்பி விட்டோ திறந்தோ எடுப்பார்கள். மாற்றச் சொன்னால் மறுக்காதீர்கள்.

கேள்வி: காலில் உணர்வில்லாமல் போவதும் இதனால் வருமா?
வாசகி, வாழைச்சேனை

பதில்: வரலாம், ஆனால் அது சுவாசப்பைக்குப் போன சீமெந்தால் அல்ல, முண்ணாண் பக்கம் கசிந்ததால். கால் பலமிழத்தல், இடுப்புக்குக் கீழே விறைப்பு, சிறுநீர் போகாமல் கட்டுதல் ஆகியவை மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய அவசரம்.

கேள்வி: வாப்பாவுக்கு சீமெந்து போன பிறகு மூச்சு முட்டியது. ஊசி போட்டு, இப்போது வாஃபரின் குளிசை ஆறு மாதம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சீமெந்து கரையாது என்றால் இது எதற்கு? சாப்பாட்டில் எதைத் தவிர்ப்பது?
வாசகர், ஏறாவூர்

பதில்: நியாயமான கேள்வி. குளிசை சீமெந்துக்கல்ல, அதன்மேல் குருதி உறைந்து அடைப்பு வளராமல் இருக்க. நாடிக்குள் கிடக்கும் அந்நியப் பொருளின் மேல் குருதி ஒட்டி உறையும். சில மாதங்களில் நாடியின் உட்தோல் அந்தத் துண்டை மூடிவிடும் என்பதால், அதுவரை காப்பாக 3 முதல் 6 மாதம் கொடுக்கிறார்கள். முதலில் போட்ட ஊசி, குருதி இளக்கும் ஹெப்பரின் அல்லது எனொக்சபரின் ஆக இருக்கும். எனொக்சபரின் உடல் நிறையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் 12 மணிக்கொரு தடவை. சிறுநீரகம் மிகவும் பலவீனமானவருக்கு நாளுக்கு ஒரு தடவையாகக் குறைப்பார்கள். சீனி வருத்தக்காரர் என்றால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் பரிசோதனை முடிவைக் காட்டியிருக்க வேண்டும்.

வாஃபரினில் ஐ.என்.ஆர். 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். தொடக்கத்தில் அடிக்கடி, நிலைத்த பிறகு மாதமொரு தடவை பார்ப்பார்கள். குளிசை தினமும் ஒரே நேரத்தில், இரவானால் நல்லது. குளிசையின் நிறத்தை மட்டும் வைத்து எடுக்காமல், பெட்டியில் மில்லிகிராம் எத்தனை என்று வாசித்து எடுங்கள். கம்பனி மாறினால் நிறமும் மாறலாம். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் இரட்டிப்பாக எடுக்க வேண்டாம்.

சாப்பாட்டில் கீரையை முற்றாக நிறுத்தத் தேவையில்லை. முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை இவற்றில் உள்ள வைட்டமின் கே குளிசையின் வேலையைக் குறைக்கும். கிழமையில் எத்தனை நாள் எவ்வளவு சாப்பிட்டாரோ, அதே அளவில் தொடர்ந்தால் குளிசையின் அளவை அதற்கேற்ப வைத்தியர் ஒழுங்குபடுத்துவார். ஒரு கிழமை கீரையே இல்லாமல் இருந்து மறு கிழமை தினமும் வல்லாரைச் சம்பல் என்றால்தான் கணக்குக் குழம்பும். நோன்பு மாதத்தில் சாப்பாட்டு நேரமும் வகையும் மாறும், அதற்கு முன்பே கிளினிக்கில் சொல்லி ஐ.என்.ஆர். பார்த்துக்கொள்ளுங்கள். பூண்டு, இஞ்சி, வெந்தயக் குடிநீர் என்று குருதியை இளக்கும் கைமருந்துகளைக் குளிசையோடு சேர்க்க வேண்டாம். உணவில் போடும் அளவில் பிழையில்லை.

நோவுக்கு டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் கூடாது. பனடோல் சில நாள் எடுக்கலாம், கிழமைக்கணக்கில் முழு அளவில் எடுத்தால் அதுவும் ஐ.என்.ஆரை உயர்த்தும். மெற்றோனிடசோல், கோ-டிரைமொக்சசோல் போன்ற கிருமிநாசினிக் குளிசைகள் மிகவும் உயர்த்திவிடும், எனவே பாமசியில் எந்தக் குளிசை வாங்கினாலும் வாஃபரின் எடுப்பதைச் சொல்லுங்கள். மலம் கறுத்துத் தார்போல் போனால், சிறுநீர் சிவந்தால், தலையில் அடிபட்டு விழுந்தால் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: மூத்தம்மா மூன்று கிழமை படுக்கையில் இருந்து பிறகு கொழும்புக்குப் போய் சீமெந்து வைத்தா. பஸ்ஸில் திரும்பி வந்ததிலிருந்து ஒரு கால் கெண்டை வீங்கி நோகிறது. எண்ணெய் பூசி உரஞ்சலாமா?
வாசகி, சம்மாந்துறை

பதில்: உரஞ்ச வேண்டாம், தயவுசெய்து. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டை நொந்து, சூடாக இருந்தால் அது ஆழ்நாளத்தில் உறைந்த இரத்தக்கட்டியாக இருக்கக்கூடும். உரஞ்சும்போது அது கழன்று சுவாசப்பைக்குப் போகலாம். இன்றே வைத்தியசாலையில் காட்டி, நாளத்தில் குருதி ஓடுவதைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

சீமெந்தைப் பற்றிய பேச்சில் இது மறைந்துவிடுகிறது. எலும்பு நொருங்கி நாட்கணக்கில் படுத்தவருக்கு உண்மையான இரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்பு எப்போதும் இருக்கிறது, அதற்கு சீமெந்து வேண்டியதில்லை. சிகிச்சையின் நோக்கங்களில் ஒன்றே ஆளைச் சீக்கிரம் எழுப்பி நடக்க வைப்பதுதான். சீமெந்து வைத்தபின் ஓரிரு மணி நேரம் மல்லாந்து படுத்தால் போதும், பிறகு எழுந்து நடக்கலாம். கிழமைக்கணக்கில் படுக்க வைப்பது கெடுதல். கொழும்பிலிருந்து நம் பக்கம் வர எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும், எனவே முடிந்தால் ஓரிரு நாள் அங்கே தங்கிப் பிறகு புறப்படுங்கள். வாகனத்தில் ஒன்றரை மணிக்கொரு தடவை இறங்கி நடக்கச் செய்யுங்கள். ரயிலானால் பெட்டிக்குள்ளேயே நடக்கலாம் என்பதால் பஸ்ஸைவிட அதுவே மேல். அமர்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் மடக்கி நீட்டச் சொல்லுங்கள், தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். சிறுநீருக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது நம் பெண்களின் வழக்கம், அது இரத்தத்தைத் தடிக்க வைக்கும்.

கேள்வி: சீமெந்து இல்லாமலே சுகமாகுமா?
வாசகர், திருக்கோவில்

பதில்: பலருக்கு ஆகும். தேய்ந்த எலும்பின் நொருங்கல் நோ பெரும்பாலும் 6 முதல் 12 கிழமைக்குள் தணிந்துவிடும். 1984இல் பிரான்ஸில் தொடங்கிய இந்தச் சிகிச்சை உலகெங்கும் பரவிய பிறகு, 2009இல் வெளியான இரண்டு ஆய்வுகள் ஊசி குத்துவதுபோல் பாசாங்கு செய்ததற்கும் உண்மையில் சீமெந்து வைத்ததற்கும் நோவில் பெரிய வித்தியாசமில்லை என்று காட்டின. 2016இல் வந்த ஓர் ஆய்வு, எலும்பு நொருங்கி 6 கிழமைக்குள் கடும் நோவோடு இருப்பவர்களுக்குப் பலன் உண்டு என்றது. ஆகவே எழும்பவே முடியாத கடும் நோ, நோவு மருந்துக்கு அடங்காதது, புதிய நொருங்கல் என்று எம்.ஆர்.ஐ.யில் உறுதியானது, இந்த மூன்றும் சேர்ந்தால் சிந்திக்கலாம். ஆறு மாதப் பழைய நோவுக்கு அவசரப்பட வேண்டாம்.

சீமெந்து வைத்தாலும் வைக்காவிட்டாலும் எலும்புத் தேய்வுக்கு மருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் ஒரு முள்ளெலும்பு நொருங்கியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் இன்னொன்று நொருங்குகிறது. அலென்ட்ரோனேற்று 70 மில்லிகிராம் என்றால் கிழமைக்கொன்று, விடிய வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு. பிறகு அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, தேநீர்கூடக் குடிக்கக் கூடாது. சிறுநீரகப் பழுதுள்ளவருக்கு இது பொருந்தாது, கேட்டுத் தொடங்குங்கள். முள்ளோடு சாப்பிடும் நெத்தலியும் தயிரும் கல்சியத்துக்கு உதவும், ஆனால் மருந்துக்குப் பதிலாகாது.

கேள்வி: சுவாசப்பையில் சீமெந்து இருப்பவர் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?
வாசகி, பொத்துவில்

பதில்: எடுக்கலாம். அது உலோகமல்ல. விபரத்தை மட்டும் ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், டயக்னோசிஸ் கார்ட்டையும் கொண்டு போங்கள்.